ரயிலுக்குப் பதில் பஸ்: அதன் கணக்கும் கடமையும்

ரயில் பாதை பழுதுபடுவதும், பழுது பார்ப்பதற்காகச் சில நாள் மூடப்படுவதும் எந்த நாட்டிலும் தவிர்க்க இயலாதவை. அவ்வேளைகளில் ‘பதில் பஸ் விடப்படும்’ என்ற அறிவிப்பு வெளிவரும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டின் பின்னே பெரியதொரு கணக்கு அடங்கியிருக்கிறது. அக்கணக்குத் தவறினால் முதலில் அல்லலுறுபவர், வேறு வாகன வசதியில்லாத ஏழைப் பிரயாணியே ஆவார்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, கோலாலம்பூர் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில், கிளானா ஜெயா முதல் அம்பாங் பார்க் வரையுள்ள 16 நிலையங்கள் மூடப்பட்டன. ரயில்களைத் தானே இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்த கோளாறே காரணம். இலவச பஸ்கள் விடப்பட்டன. 14-ஆம் தேதி ரயில் மீண்டும் ஓடிற்று. பஸ்கள் ஓடியும் இத்தகைய நாட்களில் நெரிசல் ஏன் தீர்வதில்லை என்பதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம்.

நான்கு நிமிடத்திற்கு ஒரு ரயில், ரயிலுக்கு 600 பேர் என்று கொள்வோம். மணிக்கு 15 ரயில்கள்; 9,000 பிரயாணிகள். ஒரு பஸ்ஸில் 60 பேர் ஏறினால், மணிக்கு 150 பஸ்கள் புறப்பட வேண்டும். ஒரு பஸ் போய்த் திரும்ப ஒரு மணி நேரமானால் 150 பஸ்கள் போதும். சாலை நெரிசலால் அது 80 நிமிடமாக நீண்டாலோ 200 பஸ்கள் தேவைப்படும். ஒரு பஸ்ஸில் ஆள் ஏறி முடிய இரண்டு நிமிடமாகுமெனில், ஓர் இடத்தில் மணிக்கு 30 பஸ்களே நின்று செல்ல முடியும். ஆகவே பஸ்ஸும் ஓட்டுநரும் கிடைத்தாலும், நிற்க இடமும் திரும்ப வழியும் இல்லையேல் பயனில்லை.

ஆதலின் அறிந்த திட்டக்காரர், ரயிலை அப்படியே பஸ்ஸாக்க முயல்வதில்லை. முதலாவதாக, வேறு தடங்களில் செல்லக் கூடியவர்களை அவற்றிற்குத் திருப்பி விடுவர். கே.எல். சென்ட்ரல், பசார் செனி போன்ற சந்திப்புகள் இதற்கு உதவும். இரண்டாவதாக, எல்லா பஸ்ஸும் எல்லா நிலையத்திலும் நிற்காது. கூட்டம் மிகுந்த இடங்களுக்கு நேர் பஸ்ஸும், இடைப்பட்ட சிறு நிலையங்களுக்குத் தனி பஸ்ஸும் விடப்படும். மூன்றாவதாக, சில பஸ்கள் கையிருப்பாக நிறுத்தப்படும்.

கால அளவும் முக்கியம். சென்னையில் நான்காவது பாதை அமைக்கும் பணிக்காக, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் 2023 ஆகஸ்ட் 27 முதல் நிறுத்தப்பட்டது. ஏழு மாதமென்று கூறப்பட்ட அத்தடை, 2024 அக்டோபர் 29-இல்தான் நீங்கிற்று. பிற வழித்தடங்களிலிருந்து பஸ்ஸையும் ஓட்டுநரையும் இரவல் வாங்கி ஒரு வாரம் சமாளிக்கலாம். ஓராண்டு சமாளிக்க இயலாது. அவ்வாறு செய்தால், இரவல் கொடுத்த ஊர் மக்கள் பஸ்ஸின்றித் தவிப்பர்.

கெடாவின் நிலைமை வேறு. 2015 முதல் பட்டர்வொர்த்திற்கும் பாடாங் பெசாருக்கும் இடையே ஓடும் கொமுட்டர் ரயில், சுங்கைப்பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் முதலிய ஊர்களை இணைக்கிறது. இங்கே ரயில்கள் அடிக்கடி வருவதில்லை. ஆகவே பஸ்களின் எண்ணிக்கையைவிட இணைப்பே பெரிது. சுங்கைப்பட்டாணிக்கும் புக்கிட் மெர்தாஜாமிற்கும் இடையே பாதை மூடப்படுவதாக வைத்துக்கொள்வோம். வடக்கேயிருந்து ரயில் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், பஸ் கடிகாரத்தைப் பார்த்துப் புறப்பட்டு விடலாகாது. ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். மறுமுனையில் ரயிலும் பஸ்ஸிற்காகக் காத்திருக்க வேண்டும். இடையிலுள்ள தாசேக் குளுகோருக்குத் தனிச் சிறு பஸ் விடுவது நன்று. பெரிய பஸ் அங்குச் சென்று மீண்டால் எல்லோரும் இணைப்பை இழப்பர்.

தலைநகரத்தில் ஒரு தடம் நின்றால் மற்றொன்று உண்டு. தோட்டத்து மக்களுக்கு அத்தகைய மாற்று இல்லை. தோட்டத்திலிருந்து சுங்கைப்பட்டாணி வருவதற்கே மோட்டார் சைக்கிளையோ வேனையோ நாடுபவர், பினாங்கு ஆஸ்பத்திரியில் பெற்ற சீட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் அவருடைய ஒரு நாள் கூலியும் வைத்தியமும் ஒருங்கே போகும். மாலையில் கடைசி இணைப்பைத் தவறவிட்டாலோ, டாக்சிக்குக் கொடுக்க அவரிடம் பணமிராது.

ஆகையால் இத்தகைய திட்டத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அறிவிப்பு மலாயில் மட்டுமன்றித் தமிழிலும் சீனத்திலும், தோட்ட அலுவலகங்களிலும் கடைகளிலும், முன்கூட்டியே ஒட்டப்பட வேண்டும். பஸ் எங்கே நிற்கும் என்பதைக் காட்ட நிலைய வாயிலில் ஓர் ஆள் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் ஏறத்தக்க வண்டி இருக்க வேண்டும். கடைசி ரயிலில் வருபவர் எத்தனை பேர் என்பதை எண்ணி, அத்தனை பேருக்கும் இடம் வைத்த பிறகே கடைசி பஸ் புறப்பட வேண்டும்.

விடப்பட்ட பஸ்களின் தொகையைக் கூறுவது ஏற்பாட்டின் அளவைக் காட்டும், வெற்றியைக் காட்டாது. கடைசிப் பிரயாணி வீடு சேர்ந்தாரா என்று கேட்டறிவதே சரியான சோதனையாகும்.