வீடே முதல் மருந்து

ஆண்டுக்கணக்கில் நடைபாதையில் படுத்துறங்குபவர்களில் பலருக்கு மனநோயோ போதைப்பழக்கமோ தீராத உடல்நோயோ இருக்கிறது. ‘முதலில் குடியை விடட்டும், மருந்து சாப்பிட்டுத் தேறட்டும், பிறகு வீடு தரலாம்’ என்பதே பல நாடுகளில் நெடுங்காலம் இருந்த நடைமுறை. படுக்க இடமில்லாதவர் மாத்திரையை எங்கே பத்திரப்படுத்துவார்? அந்த நிபந்தனையைத் தாண்ட முடியாமல் தெரு, காப்பகம், மருத்துவமனை, சிறை என்று அலைந்தே பலருடைய ஆயுள் கழிந்தது.

நியூயார்க்கில் 1992-இல் ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ அமைப்பைத் தொடங்கிய உளவியலாளர் சாம் செம்பெரிஸ் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, மற்றவை பிறகு.

எப்படி நடக்கிறது?

சாதாரணக் குடியிருப்பில் ஒரு வாடகை வீடு தரப்படும். குடியிருப்பவர் தம் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகைக்குத் தருவார். மீதியைத் திட்டம் ஏற்கும். சமூகப் பணியாளர், செவிலியர், மனநல மருத்துவர் அடங்கிய குழு வீடு தேடி வரும். குடியை விடவில்லை, சிகிச்சைக்கு ஒப்பவில்லை என்பதற்காக வீடு பறிக்கப்படாது.

பலன் என்ன?

கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. மனநோயுடன் வீடின்றித் தவித்த 2,000-க்கும் மேற்பட்டோர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். வீடும் ஆதரவும் பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில் 73 சதவீதக் காலத்தை நிலையான வீட்டில் கழித்தனர். வழக்கமான உதவியோடு விடப்பட்டவர்களுக்கு இது 32 சதவீதமே. மருத்துவமனை, காவல், காப்பகச் செலவு மிக அதிகமாக இருந்த 10 சதவீதத்தினரிடம், செலவிட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் ஏறக்குறைய 22 டாலர் மிச்சமானது. மற்றவர்களிடம் இவ்வளவு மிச்சமில்லை. நோய் அறிகுறிகள் குறைந்ததிலும் இரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. வீடு நோயைத் தீர்த்துவிடாது. நோயோடு போராட ஒருவருக்குக் கூரையும் கதவும் தரும். அதுவே பெரிது.

சென்னையின் வழி

வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, தெருவில் தவித்த மனநலம் பாதித்த பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. குணமடைந்தும் குடும்பத்துக்குத் திரும்ப முடியாமல் காப்பகத்திலேயே தங்கிவிட்டவர்களுக்காக 2015-இல் அதன் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் பிறந்தது. நான்கைந்து பேர் சேர்ந்து ஊருக்குள் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். துணைக்கு உதவியாளர் இருக்கிறார். சமையலும் கடைத்தெருவும் அக்கம்பக்கத்துப் பேச்சும் அவர்களுக்கு மீண்டும் வாய்க்கின்றன.

வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் தந்த உரிமைக்கு அரசு வாடகைப் பணம் ஒதுக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் தயங்காமல் கதவைத் திறக்க வேண்டும்.