கும்பகோணத்து வீட்டுக்கு மின் டிரம்ஸ்

மின் டிரம்ஸ் இரண்டு வகைப்படும். ஸ்னேர், டாம், ஹை-ஹாட், சிம்பல், கிக் என்று தனித்தனித் தட்டுகள் ஒரு சட்டத்தில் பூட்டப்பட்டது முழு செட். ஒரே பலகையில் எட்டுக் கட்டங்கள் கொண்டது பேட். மெல்லிசைக் குழுக்காரர்கள் வாயில் அது ஆக்டபேட். 1980-களில் வந்த இந்தச் சின்னப் பலகைதான் இன்று கல்யாண வரவேற்பிலும் ஆடி மாத அம்மன் கோயில் மேடையிலும் ஸ்டாண்டில் நிற்கிறது. மேடைக்குப் போகிறவருக்குப் பேட் போதும். டிரம்ஸ் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு முழு செட்தான் சரி. கால் பழகாமல் டிரம்ஸ் வராது.

தொடக்க நிலை செட்டுகளின் விலை 30,000 ரூபாயை ஒட்டித் தொடங்கும். உட்காரும் ஸ்டூலும் ஹெட்போனும் பெரும்பாலும் அதில் சேராது. சிலவற்றில் கிக் பெடலும் தனிச் செலவு. ஆகவே கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

தட்டின் அடியில் இருப்பது பீசோ உணரி. அடியின் அதிர்வை அது மின்துடிப்பாக்குகிறது. செட்டின் மூளையான மாட்யூல் அந்தத் துடிப்பின் வலுவைப் பார்த்து, பதிவு செய்து வைத்த ஓசையை ஒலிக்கிறது. மேலே வலைத்துணி இழுத்துக் கட்டிய வலைத்தட்டில் குச்சி தோலில் பட்டதுபோல் எழும், சத்தமும் குறைவு. ரப்பர் தட்டு விலை குறைவு. ஆனால் மணிக்கட்டு சீக்கிரம் நோகும். எல்லாத் தட்டும் வலையாக வாங்கப் பணம் போதாவிட்டால் ஸ்னேர் ஒன்றாவது வலையாக இருக்கட்டும். அதன் நடுவும் விளிம்பும் தனித்தனி ஓசை தருகிறதா, மெல்லத் தட்டினால் மெல்லக் கேட்கிறதா என்று கடையிலேயே அடித்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஓசைகளின் எண்ணிக்கைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. யூ.எஸ்.பி. வழியாகக் கணினியுடன் இணைத்தால் ஓசையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தட்டை அப்படி மாற்ற முடியாது.

கும்பகோணத்தின் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தான். ஹெட்போன் மாட்யூலின் ஓசையை மட்டுமே அடக்கும். கிக் பெடலின் இடி தரை வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். மரஉத்தரம் போட்ட மாடியில் செட்டை வைக்கவே கூடாது. கீழ்த்தளத்தில், இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு இடையே டென்னிஸ் பந்துகளைப் பதித்து அதன்மேல் வைத்தால் அதிர்வு நன்றாகக் குறையும்.

இந்தச் சந்தையில் கவலைக்குரியது வேறொன்று. இங்கே பலர் பேட் வாங்குவதே அதிலுள்ள தவில், உறுமி, பம்பை ஓசைகளுக்காகத்தான். நீடாமங்கலம், நாச்சியார்கோவில், வலங்கைமான், அரித்துவாரமங்கலம் என்று ஊரின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட தவில் வித்வான்களின் வட்டாரம் இது. பலா மரத்தைக் குடைந்து செய்த தவிலில் வலது கை விரல்களில் கூடு மாட்டி இறுக்கமான வலந்தலையை வாசிப்பார்கள். இடது கைக் கழி தளர்ந்த தொப்பியில் விழும். இரு கைக்கும் இரு வேலை, இரு வலு. அத்தனையும் பேட்டில் ஒரே குச்சியின் ஒரே தட்டாகிவிடுகிறது. ஒருமுறை பதிவான அடி எத்தனை முறை தட்டினாலும் அதே அடிதான். தீபாராதனை நேரத்தில் மோட்டார் இயக்கும் மேளமும் மணியும் பல கோயில்களில் மேளக்காரரின் இடத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. கல்யாண மேடையையும் பேட் எடுத்துக்கொண்டால் தவில் கற்ற பையனுக்குப் பிழைப்பு எங்கே? ஒரு முழு மேளக் கச்சேரிக்குக் கொடுக்க முடியாத வீட்டுக்குப் பேட் உதவுகிறது என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த வீட்டு வாசலில் நின்று தவிலைக் கேட்டு வளர வேண்டிய குழந்தைக்குக் கிடைப்பது பதிவோசை மட்டுமே. கேட்காத காது கற்கவும் ஆசைப்படாது.

தவில் ஓசைக்காகவே பேட் வாங்க நினைப்பவர் அந்தப் பணத்தைத் தவிலிலேயே போடலாம். திருவாரூர், சீர்காழி அரசு இசைப்பள்ளிகளில் தவிலுக்கு மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. திருவையாற்றில் அரசு இசைக்கல்லூரியும் உண்டு.