எலி வளையும் தனி வளையும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் கொள்கை. கம்பெனி நடத்துகிறவர்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினார்கள். கட்டடமும் யந்திரமும் சொந்தமாயிருந்தால் ஊரில் மதிப்பு. அவற்றை ஈடு காட்டிக் கடனும் பெறலாம். வாடகைக் கம்ப்யூட்டர் வந்த பின்னர் இக்கொள்கை ஆட்டங்கண்டுவிட்டது. யந்திரத்தை விலைக்கு வாங்கினால் அது ஆஸ்திக் கணக்கில் ஏறும். வாடகையோ செலவுக் கணக்கில் எழுதப்பட்டு அத்துடன் தீர்ந்துபோகும். அப்படியானால் ஆஸ்தியைக் கைவிடுவது லாபமா, நஷ்டமா? இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் சரித்திரத்தைப் பார்ப்போம்.

நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி ஆதியில் சினிமாத் தட்டுக்களைத் தபாலில் அனுப்பி வந்தது. 2008-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அதன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்த தகவல் தொகுப்பு பழுதடைந்தது. மூன்று நாட்கள் தட்டுக்களை அனுப்ப இயலவில்லை. அதன்பின் அக்கம்பெனி, அமேஸான் வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர்களுக்குத் தன் காரியங்களைச் சிறிது சிறிதாக மாற்றத் தொடங்கிற்று. அந்த வேலை 2016 ஜனவரியில்தான் பூர்த்தியாயிற்று. கூட்டம் பெருகினால் அதிக யந்திரம். குறைந்தால் குறைந்த வாடகை. சௌகரியமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

டிராப்பாக்ஸ் கம்பெனியோ எதிர்த்திசையில் நடந்தது. பிறருடைய தஸ்தாவேஜுகளையும் படங்களையும் பத்திரமாக வைத்துக் காப்பதே அதன் தொழில். முதலில் அவற்றை அமேஸானின் யந்திரங்களில் வைத்திருந்தது; பிறகு சொந்த யந்திரங்களை நிறுவி, பெரும்பகுதியை அங்கே கொண்டுவந்தது. 2016, 2017 ஆகிய இரு வருஷங்களில் இதனால் குறைந்த செலவு சுமார் 7½ கோடி டாலர். இதில் வியப்பில்லை. தானியக் கிடங்கு நடத்துவதையே தொழிலாகக் கொண்டவன், கிடங்கைப் பிறரிடம் வாடகைக்கு எடுத்தால் கட்டுமா?

நெட்ஃபிளிக்ஸும் எல்லாவற்றையும் கைவிட்டுவிடவில்லை. படங்களை வீடுதோறும் தடையின்றிச் சேர்ப்பதே அதன் உயிர்நாடி. அதற்காகத் தானே வடிவமைத்த யந்திரங்களில் படங்களை நிரப்பி, பல தேசங்களில் இண்டர்நெட் கம்பெனிகளின் நிலையங்களில் வைத்திருக்கிறது.

ஆகவே, புதுமை என்பதற்காக எல்லாவற்றையும் வாடகைக்கு எடுப்பதும், பழமை என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பதும் விவேகமாகாது. தொழிலின் உயிர் எதுவோ அது சொந்தமாயிருக்கட்டும், மற்றவை வாடகையாயிருக்கலாம். சிறு கடைக்காரரும் தம் கணக்கைப் பிறர் யந்திரத்தில் வைக்குமுன் ஒன்று கேட்டறிதல் நலம்: "வீட்டைக் காலி செய்யும் நாளில் என் கணக்கு முழுவதையும் நான் எடுத்துக்கொண்டு போகலாமா?" வீடு பிறருடையதாயிருக்கலாம், பெட்டிச் சாவி நம் இடுப்பில் இருக்கவேண்டும்.