சிலந்திக்கு முதலில் பெயர் சூட்டியவர்

வீட்டு மூலையில் சிலந்தி வலையைக் கண்டதும் தும்புத்தடியைத் தேடுகிறோம். அச்சிற்றுயிரின் பெயருக்குப் பின்னால் ஒரு நீதியின் கதை இருப்பதை எத்தனை பேர் அறிவோம்?

சுவீடன் நாட்டவரான கார்ல் கிளெர்க், வசதியின்மையால் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு, ஸ்டொக்ஹோம் நகர நிர்வாகத்தில் பணியாற்றியவர். பேரறிஞர் லின்னேயஸின் விரிவுரையைக் கேட்டதால் சிற்றுயிர்கள் மீது ஆர்வம் கொண்டார். 1757 இல் தம் நாட்டுச் சிலந்திகள் பற்றி நூல் வெளியிட்டார். முதுகில் வெண்புள்ளிகள் சிலுவை வடிவில் அமைந்த தோட்டச் சிலந்திக்கு, பேரினமும் இனமும் சேர்ந்த 'அரேனியஸ் டயடெமாட்டஸ்' என்ற இரட்டைப் பெயரைச் சூட்டினார்.

லின்னேயஸ் தம் நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வழங்கியது 1758 இல்தான். விலங்கியற் பெயரீட்டு விதிகள் அவ்வாண்டையே தொடக்கமாகக் கொள்கின்றன. அப்படியானால் கிளெர்க்கின் உழைப்பு வீணா?

இல்லை. விதிகள் அவரது நூலுக்கு மாத்திரம் விலக்களித்தன. அதையும் 1758 இல் வெளிவந்ததாகவே கருதி, லின்னேயஸின் பெயர்களைவிட முன்னுரிமை கொடுத்தன. அதே சிலந்திக்கு லின்னேயஸ் இட்ட 'அரேனியா டயடெமா' என்ற பெயர் ஒதுங்கிக் கொண்டது.

இன்று 50,000 க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் பெயர் பெற்றுள்ளன. அவ்வரிசையின் தலையில் நிற்பவை கிளெர்க் இட்ட பெயர்களே. ஆசான் எவ்வளவு பெரியவராயினும், முந்திச் செய்தவரின் உரிமை அவருக்கே உரியது. பிறர் உழைப்பை மதிப்பதில் நாமும் இவ்வளவு நேர்மையாக இருக்கிறோமா?