ஒரே புளியமரம், இரண்டு உடம்பு

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும்போது புளியமரங்களை அண்ணாந்து பாருங்கள், தம்பி தங்கைகளே. நாட்டுக்குரங்கும் இருக்கும், முதுகில் மூன்று வரி ஓடும் நம் அணிலும் இருக்கும். இரண்டும் நன்றாக ஏறும். எனக்குப் பிடித்ததோ அவை இறங்குவதைப் பார்ப்பதுதான்.

அணில் தலைகீழாகவே ஓடி வரும். எப்படி விழாமல் வருகிறது? அதன் பின்னங்கால் பாதம் கணுக்காலோடு பின்பக்கமாகத் திரும்பிவிடும். கூரிய நகங்கள் கொக்கி மாதிரி மரப்பட்டையில் மாட்டிக்கொள்ளும். உடம்பின் எடையை அவையே தாங்கும். எடையும் சுமார் 100 கிராம்தான்!

ஆண் குரங்கு 5 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் பாதம் அப்படித் திரும்பாது, நகமும் நம்முடையதைப் போலத் தட்டை. அதனால் பருத்த அடிமரத்தில் பெரும்பாலும் தலை மேலே இருக்க, பின்பக்கமாகவே இறங்கும். ஆனால் பிடிப்பதில் அதுதான் கெட்டி. கையின் கட்டைவிரலும் காலின் பெருவிரலும் மற்ற விரல்களுக்கு எதிரே மடங்குவதால், கிளையை நான்கு பக்கமும் இறுக்கிக்கொள்ளும்.

வாலால் தொங்குமே என்கிறீர்களா? தென் அமெரிக்காவின் சிலந்திக் குரங்கு தொங்கும். நம்மூர்க் குரங்கால் முடியாது. அதற்கு வால் சமநிலைக்கு உதவும்.

தின்பதைப் பாருங்கள். குரங்கு ஒரு கையாலேயே பழம் பறிக்கும். அணிலின் கட்டைவிரல் மிகச் சிறியது. இரண்டு கையாலும் பிடித்துத்தான் கொறிக்க வேண்டும். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறிக்கக் கொறிக்கத்தான் தேயும். குரங்குப் பல் அப்படி வளர்ந்துகொண்டே இருக்காது. அதற்குக் கன்னத்தில் இரண்டு பைகள் உண்டு. கிடைத்ததை அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு, பத்திரமான இடத்துக்குப் போய் மெல்லும்.

கண்களும் வேறு. குரங்கின் கண்கள் முன்னோக்கியவை. அடுத்த கிளை எவ்வளவு தூரம் என்று சரியாகக் கணக்கிடும். அணிலின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், மேலே வல்லூறு வந்தாலும் தெரிந்துவிடும்.

நாட்டுக்குரங்கு உலகிலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் வாழ்கிறது. அது குறைந்து வருவதால், அழியும் ஆபத்துள்ள விலங்குகளின் உலகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. வண்டியிலிருந்து எறியும் பிஸ்கட்டுக்காகச் சாலைக்கு வந்து அடிபடும் குரங்குகள் பல. அழகர்கோவில் போனால் கண்ணாரப் பாருங்கள், தின்ன மட்டும் எதுவும் கொடுக்காதீர்கள். அப்பா, அம்மாவிடமும் சொல்லுங்கள்.