ஒரு சுற்று தாமதம்: மைக்ரோகிரிட்டும் ஒரு பென்சில் கணக்கும்

2016 ஆகஸ்ட் 16. தெற்கு கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ, உயர் அழுத்த மின்பாதைகளில் கோளாறு. அந்தக் கணநேரக் குழப்பத்தைப் பல சோலார் இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் வீழ்ச்சி என்று தப்பாக அளந்து விலகிக்கொண்டன. மொத்தம் சுமார் 1,200 மெகாவாட் போச்சு. ஒவ்வொன்றும் தன் விதிப்படிதான் நடந்தது. கூட்டாகப் பார்த்தால் விபரீதம்.

அது பெரிய கிரிட். மைக்ரோகிரிட்டில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். சோலார், பேட்டரி, ஜெனரேட்டர் சேர்ந்த குட்டி மின்கட்டமைப்பு அது. வெளியே கரண்ட் போனாலும் தனியாக ஓடும். அப்போது லோடைப் பகிர ஒரு எளிய விதி உண்டு, பெயர் ‘ட்ரூப்’: லோடு ஏற ஏற இன்வெர்ட்டர் தன் அதிர்வெண்ணைக் கொஞ்சம் இறக்கும். அதிர்வெண் எல்லாவற்றுக்கும் பொது என்பதால், ஒன்றோடொன்று பேசாமலே பகிர்வு நடந்துவிடும். ஆனால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே நின்றுவிடும். பகிர்வு கெடாமல் அதை மேலே ஏற்ற வேண்டுமென்றால், எவ்வளவு ஏற்றுவது என்பதில் இன்வெர்ட்டர்கள் ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பேசித்தான் ஆகணும். வில்லங்கம் இங்கேதான்.

இரண்டு இன்வெர்ட்டர்கள், இடையே வித்தியாசம் 4 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுமே அந்த வித்தியாசத்தில் பாதி அளவு எதிர்ப்பக்கம் நகரும். ஒரே சுற்றில் வித்தியாசம் 0. பிரமாதம்!

இப்போது செய்தி ஒரு சுற்று தாமதமாக வருகிறது. இரண்டும் போன சுற்றின் அளவுகளை வைத்தே நகர்கின்றன. அதாவது, அடுத்த வித்தியாசம் = இப்போதைய வித்தியாசம் − போன சுற்றின் வித்தியாசம். பென்சிலில் போட்டுப் பாருங்கள்: 4, 4, 0, −4, −4, 0, 4, 4... முடிவே இல்லை. பாதிக்குப் பதில் 0.6 வைத்தால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். தாமதம் இல்லாதபோது அதே 0.6 சமர்த்தாக அடங்கிவிடும்!

நிஜத்தில் இப்படி ஆடினால் ஒரு இன்வெர்ட்டர் மேல் லோடு குவிந்து அது டிரிப் ஆகலாம். மிச்சம் எல்லாம் அடுத்ததன் தலையில். கடைசியில் ஊரே இருட்டு.

வீட்டில் நான் எழுதிய சிமுலேட்டரில் எல்லா டெஸ்டும் பாஸ். ஏன்? இரண்டு இன்வெர்ட்டரும் ஒரே லேப்டாப்பில், தாமதமே கிடையாது. டெஸ்ட் என்பது ஓட்டிப் பார்த்ததைப் பற்றி மட்டும் பேசும். நிரூபணம் வேறு ரகம்: ‘தாமதம் சரியாக ஒரு சுற்று, நகரும் பங்கு 0-க்கு மேல் 0.5-க்குக் கீழ் என்றால், எந்த வித்தியாசத்தில் தொடங்கினாலும் அடங்கும்.’ தாமதம் மாறிக்கொண்டே இருந்தால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

ஆகவே அந்த நிபந்தனையையும் ஓடும் நேரத்தில் கண்காணிக்க வேண்டும். செய்தி அதைவிடப் பழசாக வந்தால், பேச்சை நிறுத்திவிட்டு வெறும் ட்ரூப்புக்குத் திரும்பு. அதிர்வெண் கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் விளக்கு எரியும்.