பச்சை முட்டை வேண்டாமே, பாட்டி!

"வயசுக்கு வந்த பொண்ணு டாக்டர்... இடுப்பு பலமா இருக்க வேணாமா? அதான் தினமும் காலையில பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுத்தேன்."

சேத்தியாத்தோப்பில் என் வைத்தியசாலைக்குப் பேத்தியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த பாட்டியம்மா சொன்னது இது. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, காய்ச்சல். கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டிருந்தது. சூரணம் கொடுத்து அனுப்புகிற நிலை இல்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலை மெல்லக் குடிக்க வைத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளை, தேறிவிட்டாள். முட்டைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் சந்தேகம் அதன் மேல்தான்.

சால்மோனெல்லா என்ற கிருமி கோழி எச்சத்தின் வழியாக ஓட்டில் ஒட்டும். அது மட்டுமா? சில கோழிகளின் சினைப்பையிலேயே புகுந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். கோழியும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். தண்ணீரில் போட்டுப் பார்க்கிறீர்களே, அது பழசா புதுசா என்று மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

2010-ல் அமெரிக்காவில் இந்தக் கிருமியால் ஏறத்தாழ 2 ஆயிரம் பேர் படுத்தார்கள். அயோவா மாநிலத்தின் இரண்டு நிறுவனங்கள் 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளைத் திரும்பப் பெற்றன. பெட்டியில் எண்ணும் தேதியும் அச்சிட்டிருந்ததால், எதைத் திருப்பித் தருவது என்று ஜனங்களுக்குத் தெரிந்தது. நம் கடைவீதியில்? நாமக்கல் லாரியில் வந்த முட்டையில் நாலைத் தாளில் சுற்றித் தருகிறார்கள். எந்தப் பண்ணை, என்றைக்கு இட்டது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆகவே நமக்குக் காவல் அடுப்புதான்!

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. ஷவர்மாவோடு தருவார்களே, அந்த வெள்ளைக் களிம்பேதான். கடைக்குத் தடை போடலாம். பாட்டி உடைத்து ஊற்றும் முட்டைக்கு யார் தடை போடுவது?

"நாங்கல்லாம் குடிச்சுதானே வளர்ந்தோம்?" என்று நீங்களும் கேட்கலாம். சித்த மருத்துவம் படித்தவன்தான் நானும். பழக்கத்தைக் குறை சொல்ல மனம் வராது. உளுந்தங்களி கொடுங்கள், நல்லெண்ணெய் கொடுங்கள். முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கள். வெந்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பச்சையாகக் குடித்தால் கணிசமான பங்கு வீணாகிறது. வீட்டுக்கோழி முட்டைக்கும் விலக்கு இல்லை.

வெள்ளையோடு மஞ்சள் கருவும் கெட்டியாக வேண்டும். ஆஃபாயில் பிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது! கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். கீறல் விட்ட முட்டையை வாங்காதீர்கள். முட்டை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, அடிக்கடி கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.